வைகை முடியும் கரைக்கு: கடற்பூங்கா முகாமுக்குப் புறப்படும் கம்பம் பள்ளத்தாக்குத் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி, ஆண்டிபட்டி ஆகிய ஊர்களிலிருந்து மன்னார் வளைகுடாக் கரைக்குத் தொண்டுப்பணி முகாமுக்காகப் புறப்படவிருக்கும் தன்னார்வலர்களுக்கு எழுதப்படுவது இம்மடல்.

கடலோரப் பூங்காவில் தொண்டுப்பணி முகாம் என்பது, ஒரு குழுவினர் தம் செலவில் சென்று, பூங்காவை அடுத்த கரையில் சில நாள்கள் கூடாரம் அடித்துத் தங்கி, ஒதுங்கிய குப்பையை அகற்றுதல், பறவைகளைக் கணக்கெடுத்தல், ஆமைகள் முட்டையிடும் மணற்பரப்பில் இரவுக் காவலுக்குத் துணைபோதல் போன்ற வேலைகளை வனத்துறையின் அனுமதியோடும் கரையோர மக்களின் இசைவோடும் செய்து திரும்புவதாகும். இதற்கான ஆயத்தம் என்றதும் கூடாரம், பாய், டார்ச், சமையல் பாத்திரம் என்று பட்டியல் போடுவதே பலருக்கும் முதலில் தோன்றும். பட்டியலும் தேவைதான். எனினும், மலையும் ஆறும் சூழ்ந்த பள்ளத்தாக்கிலிருந்து கடலுக்குச் செல்வோருக்கு அதற்கும் முந்திய ஆயத்தம் ஒன்று உண்டு என்பதும், அது பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னரே பள்ளத்தாக்கிலேயே தொடங்கப்பட வேண்டும் என்பதுமே இம்மடல் வலியுறுத்த விழையும் கருத்து.

இப்பள்ளத்தாக்கு அமைந்த தேனி மாவட்டத்துக்குக் கடல் எல்லை இல்லையெனினும், கடலோடு அதற்குள்ள உறவு வைகையின் வழியே அமைந்திருக்கிறது. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகையும், 1895-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு லோயர் கேம்ப் அருகே இறங்கிப் பள்ளத்தாக்கின் நெடுகப் பாயும் முல்லைப் பெரியாற்று நீரும், அதனோடு சேரும் சுருளியாறும், போடிப் பக்கத்திலிருந்து வரும் கொட்டகுடி ஆறும் ஒன்றாகி, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ஓடி இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகின்றன. அங்கு மிஞ்சும் வெள்ளமே ஆற்றங்கரை என்ற ஊரின் அருகே கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு வறண்ட ஆண்டுகளில் கடலை எட்டுவதற்கு முன்பே கண்மாய்களில் அடங்கிவிடுகிறது. பெருமழை ஆண்டுகளிலோ, பல மாதங்களாகப் படுகையில் கிடந்த அனைத்தையும் ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போகிறது. உத்தமபாளையத்துப் பாலத்தடியில் வீசப்பட்ட ஒரு மசாலாப் பொட்டலத்தின் காலி உறை கடற்புல்லின் மேல் போய்ப் படிவதற்குத் தேவைப்படுவது ஒரு நல்ல ஐப்பசி மழையும் சிறிது காலமும்தான்.

இங்கு ஒரு நில அமைப்பைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வைகை சேருமிடம் பாக் விரிகுடா. பூங்கா அமைந்திருப்பது மன்னார் வளைகுடா. இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கு முனையில் ஒடுங்கிக்கொண்டே போகும் நிலமும் இராமேசுவரம் தீவும் இவ்விரண்டையும் பிரிக்கின்றன. கரையோர மக்கள் முன்னதை வடகடல் என்றும் பின்னதைத் தென்கடல் என்றும் வழங்குவர். அமைதியானது பெண் கடல், அலை மிகுந்தது ஆண் கடல் என்ற வழக்கும் உண்டு. இரு கடல்களின் நீரும் பாம்பன் கால்வாய் வழியே பருவத்துக்கேற்ப இங்குமங்கும் பெயர்கின்றது. ஆகவே வடகடலில் சேர்ந்தது தென்கடலுக்கு வாராது என்று எவரும் ஆறுதல் கொள்வதற்கில்லை.

இந்த உறவை மனத்திற்கொண்டு பார்க்கும்போது, முகாமின் முதல் நாள் கடலோர ஊர்களான மண்டபத்திலோ கீழக்கரையிலோ அமையாமல், சுருளியாற்றங்கரையில் அமைவதே முறையாகத் தோன்றுகிறது. குழுவினர் அனைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுருளிப்பட்டிக்குக் கீழேயோ, வீரபாண்டி ஆற்றோரத்திலோ நூறு மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டி அளந்துகொண்டு, அதற்குள் கிடப்பனவற்றை வகைபிரித்து எண்ணி, ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அமாவாசை நாள்களில் சுருளியில் நீர்க்கடன் முடித்தோர் ஆற்றில் விட்டுச்செல்லும் துணிகள், நெகிழித் தாளில் சுற்றிய பூசைப் பொருள்கள், பூச்சிமருந்துப் புட்டிகள், சாஷே உறைகள், செருப்புகள் என அங்கே காணக்கூடியவை பல. முன்னோர்க்குச் செய்யும் கடனை எவரும் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அதே துணிப்பொதிகள் இராமேசுவரத்து அக்கினி தீர்த்தக் கரையிலும் கிடப்பதைக் காணப்போகும் தன்னார்வலர், ஆற்றின் இரு முனைகளிலும் ஒரே பழக்கம் ஒரே விளைவைத் தருவதை அப்போதுதான் கண்கூடாக உணர்வர். இந்த எண்ணிக்கை பயிற்சியாகவும் அமையும்: வகைபிரிக்கக் கற்றுக்கொண்ட கை, கடற்கரையில் திகைத்து நிற்காது.

அடுத்து, செல்லுமிடத்தைப் பற்றிய அறிவு. மன்னார் வளைகுடாத் தேசியக் கடற்பூங்கா, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையோரமாக வரிசையிட்டிருக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் உள்ளடக்கி, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதனை நடுவாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் ஏற்பட்டது. உயிர்க்கோளக் காப்பகம் என்பது, இயற்கையைக் காக்கும் உள்வட்டமும் மக்கள் வாழ்ந்து தொழில் செய்யும் வெளிவட்டமும் கொண்ட ஏற்பாடு. மனிதரை முற்றாக வெளியேற்றும் எண்ணம் அதில் இல்லை. தீவுகள் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, முள்ளி, வாலை, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார், வான் என்று கடலோடிகள் இட்டு வழங்கிய பெயர்களே ஒரு தனி ஆய்வுக்கு உரியவை. நல்ல நீர் கிடைக்கும் தீவையும் கிடைக்காத தீவையும் பெயரிலேயே பிரித்துக்காட்டிய அறிவு அது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்தது, அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற அரணை இத்தீவுகளிடமிருந்து பறித்துவிட்டது.

பவளப்பாறை என்பது வெறுங்கல் அன்று. பவளப்பூச்சி எனப்படும் மிகச்சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போவதால் உண்டாவது அது. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக்கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்கும் பகிர்கின்றன. நிறமும் அப்பாசிகளால் வருவதே. நீரின் வெப்பம் பல வாரங்களுக்கு வழக்கத்தைவிட ஓரிரு பாகை உயர்ந்தால், பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. வெப்பம் தணியாவிட்டால் இறந்தும்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இவ்வாறு வெளுத்தது. பவளத்தை அடுத்துக் கடலடியில் புல்வெளியாகப் படர்ந்திருப்பது கடற்புல். இது பாசி வகையைச் சேர்ந்ததன்று, வேரும் பூவும் உடைய உண்மையான தாவரம். ஆவுளியா என்று மீனவரும் கடற்பசு என்று நூலோரும் குறிக்கும் பாலூட்டி, இந்தப் புல்லை மேய்ந்தே வாழ்கிறது. இவ்வளவையேனும் படித்துக்கொண்டு போகும் தன்னார்வலர், தம் காலடியில் கிடப்பது இன்னதென்று அறிந்து வேலை செய்வார்.

முகாம் எங்கே அமைய வேண்டும் என்ற வினாவுக்கு விடை எளிது: பூங்காவுக்கு உள்ளே அமையலாகாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கிருந்து எதையும் எடுத்துச்செல்வதும் குற்றம். எனவே தீவில் கூடாரம் அடிக்கும் கனவை முதலிலேயே கைவிட்டுவிட்டு, பெருநிலக் கரையில், உயர்ந்த அலை தொடும் கோட்டுக்கு நன்கு மேலே, ஊர் மக்கள் காட்டும் இடத்தில் தங்க வேண்டும். இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குக் குழுவினரின் பெயர், வயது, நாள்கள், செய்யக் கருதும் வேலை, பொறுப்பாளர் ஆகியவற்றை எழுதி முன்கூட்டியே விண்ணப்பித்து, எழுத்து வடிவில் அனுமதி பெற்ற பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். கரையோரப் பாதுகாப்புக் காவல் நிலையத்துக்கும் தகவல் தர வேண்டும். இலங்கைக்கு மிக அணுக்கமான கரை என்பதால் அடையாள அட்டை ஒவ்வொருவரிடமும் இருப்பதும், ட்ரோன் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதும் அவசியம்.

அனுமதியை வெறும் தாளாகக் கருதும் மனப்போக்கு எங்கும் உண்டு. தேனி மாவட்டத்தார்க்கு அது இருக்கக்கூடாது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. அன்றிரவு இருட்டில் மலையேறித் தொட்டில் கட்டிக் காயம்பட்டோரைச் சுமந்து இறக்கியவர்களில் போடிப் பக்கத்து ஊர் மக்களும் இருந்தனர். மாநிலத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டதும் அதன் பின்னரே. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது ஒரு வனக்காவலருக்குத் தெரிந்திருப்பதன் மதிப்பை அந்த மலையடிவாரம் அறிந்த அளவுக்கு வேறு ஊர் அறியாது. கடற்கரையில் தீயின் இடத்தில் காற்றும் நீரும் இருக்கின்றன. பெயர்ப்பட்டியலின் தேவை மாறவில்லை.

அரசின் அனுமதி பெற்றபின் ஊரின் இசைவு பெறப்பட வேண்டும். இம்மடல் இரண்டாவதை முதலாவதற்குக் குறையாததாகக் கருதுகிறது. பூங்கா அறிவிக்கப்படுவதற்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே அத்தீவுகளைச் சுற்றி மீன்பிடித்தும், பாசி எடுத்தும், காற்று மாறும்போது கரையொதுங்கியும் வாழ்ந்தவர்கள் இக்கரை மக்கள். கட்டுப்பாடுகள் இறுகியபோது அவற்றின் பாரம் பெரிதும் இறங்கியது அவர்கள்மீதே. குறிப்பாகப் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், தம் தொழிலே குற்றமாகப் பார்க்கப்படும் நிலையை எதிர்கொண்டனர். அவர்கள் அதைச் சீற்றத்தோடு மட்டும் எதிர்கொள்ளவில்லை. பாசி மீண்டும் தழைப்பதற்காக, எடுக்கும் நாள்களைத் தாமே கூடிப் பேசிக் குறைத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டின் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சூழலைக் காப்போருக்குப் பன்னாட்டளவில் அளிக்கப்படும் விருது அது. இவ்வளவு அறிந்த மக்களிடம் சென்று கடலைக் காப்பது எப்படி என்று வகுப்பெடுக்கும் துணிவு எந்தக் குழுவுக்கும் வரலாகாது. ஊர்த் தலைவர், மீனவர் சங்கம், ஜமாத் அல்லது பங்குத்தந்தை என்று அந்தந்த ஊரில் யார் சொல் எடுபடுமோ அவரிடம் இருவர் முன்கூட்டியே நேரில் சென்று, இன்ன நாளில் இத்தனை பேர் வருகிறோம், என்ன வேலை செய்தால் ஊருக்கு உதவும் என்று கேட்டுவருவதே சரியான தொடக்கம். பதிலாக வருவது கடற்கரையைப் பற்றியதாக இல்லாமல், பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பதாகவோ, கிணற்றைத் தூர்வாருவதாகவோ இருந்தால் அதையும் செய்வதற்குக் குழு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பெண்கள் பங்குபெறும் முகாமில், பலரும் கடைசியாக நினைப்பதை முதலில் நினைக்க வேண்டும்: கழிப்பிடம். திறந்த கரையில் ஒதுங்குவது தன்னார்வலர்க்கும் இழிவு, ஊருக்கும் கேடு. அருகிலுள்ள பள்ளி, சமுதாயக்கூடம், புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றுள் ஒன்றின் கழிப்பறையைப் பயன்படுத்த ஒப்புதல் பெற்று, நாள்தோறும் அதைக் கழுவும் முறையை ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டு எழுதிவைத்த பின்னரே இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். இது அமையாத ஊரில் முகாம் நடத்தாமலிருப்பதே நல்லது.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பள்ளத்தாக்கின் பழக்கம் இங்கேதான் அதிகம் தவறிவிடும். பெரியாற்று நீரால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பூமியிலிருந்து, வாய்க்காலில் இறங்கிக் குளித்தே வளர்ந்தவர்கள், ஒரு குடம் நீரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிவரும் மாவட்டத்துக்குப் போகிறார்கள். கரையோரத்தில் மணலைத் தோண்டினால் சில அடிகளிலேயே நல்ல நீர் ஊறுவது உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் ஒரு மெல்லிய ஏடுபோல மிதந்து நிற்பதே அந்த ஊற்று. மெல்ல இறைத்தால் அது நாள்கணக்கில் உதவும். முப்பது பேர் ஒரே காலையில் குளிக்கவும் துவைக்கவும் வாரி இறைத்தால், ஏடு கிழிந்து அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். குழு திரும்பிப்போன பிறகும் ஊர்ப்பெண்கள் அந்த உவர்நீரையே மொள்ள நேரும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டு, முப்பது பேர் மூன்று நாள் தங்குவதானால் 450 லிட்டரை இராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ பெரிய கேன்களில் விலைக்கு வாங்கிச் சேர்க்க வேண்டும். சிறு தண்ணீர்ப் புட்டிகள் ஒன்றுகூட முகாமுக்குள் வரலாகாது; ஒவ்வொருவரும் தம் சொந்த எவர்சில்வர் குப்பியையும், தட்டையும், டம்ளரையும் கொண்டுவர வேண்டும். குளியல் ஒரு வாளியில் முடிய வேண்டும். கடலில் நனைந்த உடம்பைத் துடைக்க ஈரத்துண்டு போதும் என்பதை மூன்று நாளைக்குப் பழகிக்கொள்வது பெரிய தவமன்று.

உணவுக்குப் பள்ளத்தாக்கின் பண்டங்களே ஏற்றவை. புளியோதரை இரண்டு நாள் தாங்கும். அவல், பொரிகடலை, கருப்பட்டி, கடலைமிட்டாய் எதற்கும் அடுப்பு வேண்டாம். வாழைத்தார் ஒன்று தோலோடு பயணிக்கும். பன்னீர் திராட்சை மட்டும் வெயிலில் குழைந்துபோகும். மீன் வேண்டுவோர் ஊர்ப் பெண்களிடம் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்குவதே மரியாதை.

காலத்தைத் தெரிவுசெய்வதில், தை முதல் பங்குனியின் முற்பகுதி வரை உள்ள நாள்களே தென்கடல் கரைக்கு உகந்தவை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் அப்பருவத்தில் வந்ததே. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், அதன் எண் எதுவாக இருப்பினும், பயணத்தை அன்றே தள்ளிவைக்க வேண்டும். வைகாசிக்குப் பின்னர் மீனவர்கள் கச்சான் என்று அழைக்கும் காற்று எழுந்து தென்கடலைக் கொந்தளிக்க வைக்கும். ஆனி, ஆடியில் கம்பத்துக் கணவாய்களின் வழியே இறங்கி ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் தவிர்க்கத்தக்கது. வருமானம் சுருங்கிய நாள்களில் விருந்தாளிகள் ஊருக்குச் சுமையாவர்.

கூடாரத்தின் முளைகள் மலைமண்ணில் நிற்பதுபோல் கடல்மணலில் நில்லா. அரைச்சாண் இரும்பு முளையை எத்தனை அடித்தாலும், பிற்பகலில் கடற்காற்று ஏறியதும் அது பல்லைப் பிடுங்கியது போல் மேலே வந்துவிடும். இதற்குக் கரையோரத்தார் கையாளும் வழி எளியது. சணல் சாக்கில் பாதியளவு மணலை நிரப்பி, அதன் நடுவே கயிற்றைச் சுற்றிக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிச் சாக்கைப் படுக்கைவாட்டில் இறக்கி, கயிற்றின் மறுமுனையைச் சாய்வாக மேலே கொண்டுவந்து, மணலை மூடி மிதித்துவிட்டால், அந்தக் கயிறு இழுக்க இழுக்க இறுகும். கூடாரத்தின் வாயிலைக் கடலுக்கு எதிராகத் திருப்பாமல் பக்கவாட்டில் வைக்க வேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறி, அதன்மேலுள்ள காற்று உயர்வதால் கடலிலிருந்து காற்று வீசுகிறது; இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று கடலை நோக்கித் திரும்புகிறது. இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றில் கம்பு தூற்றப் பழகிய வீட்டினர்க்கு இது புதிய பாடமன்று. உடைமரமும் சீமைக்கருவேலும் உதிர்த்த முள் மணலில் புதைந்து கிடக்கும் என்பதால் செருப்பின்றி நடக்கலாகாது; புறப்படும் நாளில் தோண்டிய குழி ஒவ்வொன்றும் தூர்க்கப்பட வேண்டும்.

குழியைத் தூர்க்கச் சொல்வதற்குக் காரணம் ஆமைக்குஞ்சு. மீனவர் வழக்கில் பங்குனி ஆமை எனப்படும் சிற்றாமைகள், ஆண்டின் முதல் மாதங்களில் இரவில் கரையேறி, மணலைப் பின்துடுப்புகளால் பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்புகின்றன. 45 முதல் 60 நாள்களில் பொரியும் குஞ்சுகள், இரவின் இருளில் எந்தப் பக்கத்து அடிவானம் வெளிறித் தெரிகிறதோ அந்தப் பக்கமாக நடக்கும். இயற்கையில் அது எப்போதும் கடலாகவே இருந்துவந்தது. கரையில் ஓர் எல்இடி விளக்கு எரிந்தால் அவற்றின் கணக்குத் தவறிவிடுகிறது. ஊர்ப்பக்கம் நடந்து, விடிந்தபின் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகின்றன. அரையடிக் குழியில் விழுந்த குஞ்சும் ஏறி வராது. எனவே முகாமில் இரவில் தீ மூட்டுவது கிடையாது என்பது முதல் நாளே முடிவுசெய்யப்பட வேண்டும். டார்ச்சுகளின் முகப்பில் சிவப்பு வண்ணத் தாள் ஒட்டப்பட வேண்டும். கைப்பேசியின் வெளிச்சமும் இரவுநடையில் அணைந்திருக்க வேண்டும். ஆமைத் தடத்தைக் கண்டால் வனக்காவலருக்குச் சொல்வதே தன்னார்வலரின் வேலை. முட்டையைத் தொடுவதும் பொரிப்பகத்துக்கு மாற்றுவதும் துறையினரின் பொறுப்பு.

பகல் வேலையின் நடுவிடம் அலைக்கோடு. ஓதம் வடிந்த பின், கடல் எட்டிய உயரத்தைக் காட்டியபடி கரை நெடுகக் கருத்த நாடாப்போல் ஒரு வரி கிடக்கும். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினால், பழுப்பேறிய கடற்புல் இலைகளுக்கிடையே குடிநீர்ப் புட்டியின் நீல மூடி, தெர்மாகோல் மணிகள், பாதி கிழிந்த ஷாம்பு உறை, மாத்திரை அட்டை, மொச்சைக்கொட்டை அளவு சிப்பி, தங்கூசி நூலின் முடிச்சு, அந்த முடிச்சுக்குள் காய்ந்த ஒரு சிறு நண்டு ஆகியன ஒருங்கே வரும். கடற்புல்லையும் சிப்பியையும் நண்டையும் இருந்த இடத்திலேயே விட்டு, மற்றவற்றை மட்டும் விரலால் பொறுக்க வேண்டும். ஏனெனில் அந்தப் புல்வரி மணலைப் பிடித்துவைப்பதோடு, கரைப்பறவைகளின் உணவான சிற்றுயிர்களுக்கு வீடாகவும் இருக்கிறது. வாருகோலால் மொத்தமாக இழுத்துக் கரையைப் பளபளப்பாக்குவது பார்வைக்குத் தூய்மையாகத் தோன்றினாலும் கரைக்குச் செய்யும் தீங்கே. பவளத்துண்டையோ, காய்ந்த கடற்குதிரையையோ, கடலட்டையையோ நினைவுப்பொருளாக எடுத்துவருவது சட்டத்தின் முதல் அட்டவணையின் கீழ் வரும் குற்றம். பிள்ளைகளை அழைத்துச்செல்வோர் இதைப் புறப்படுமுன்பே எடுத்துச்சொல்லிவிட வேண்டும்.

மணலில் கிடக்கும் வலை எல்லாம் குப்பையாகாது. காயப்போட்டதும், செப்பனிடக் காத்திருப்பதும், பங்காளி வரும்வரை விட்டுவைத்ததும் பார்வைக்குக் கைவிட்ட வலைபோலவே தோன்றும். ஆர்வமிகுதியால் அதை அறுத்து மூட்டைகட்டும் தன்னார்வலர், ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை அறுத்தவராகிவிடுவார். ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிய வலையை மட்டுமே தொட வேண்டும். நீருக்கடியில் பவளத்தில் சிக்கிய வலையை எடுப்பது பயிற்சிபெற்ற மூழ்குநரின் பணி. கரையிலிருந்து பிடித்திழுத்தால் வலையோடு பவளமும் பெயரும். சேர்த்த குப்பை எந்த வண்டியில், எந்த ஊராட்சியின் பிரிப்பு மையத்துக்குச் செல்லும் என்பது முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு முடிக்கப்படாத முகாம்களில், மூட்டைகள் கரையிலேயே அடுக்கப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, அடுத்த பெருங்காற்றில் மீண்டும் கடலுக்கே போய்ச்சேர்வது பரவலாக நடப்பதுதான். உழைப்பு வீணாவதைவிட அதில் வருந்தத்தக்கது, ஊரார் மனத்தில் தன்னார்வலர் என்ற சொல்லுக்கு ஏற்படும் மதிப்புக்குறைவு.

பறவைக் கணக்கெடுப்பில் ஆர்வமுள்ளோர், 2025-இல் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடிப் பகுதியைத் துறையினரோடு சென்று காணலாம். அதற்கு இருநோக்கியும் பொறுமையும் போதும்.

நீச்சலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முல்லைப் பெரியாற்றிலும் கமலைக் கிணற்றிலும் நீந்திப் பழகியோர் கடலையும் அவ்வாறே எண்ணிவிடுவர். ஆற்றின் ஓட்டம் ஒரே திசையில் செல்வது, கண்ணுக்கும் தெரிவது. கடலிலோ, கரைமேல் ஏறிய அலைநீர் திரும்பும்போது ஒரு குறுகிய பாதையாகத் திரண்டு, ஆளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடும். அலை குறைந்து அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் அந்த இழுவைப் பாதையாக இருக்கும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சலடிக்காமல், கரைக்கு இணையாக நீந்தி இழுவையிலிருந்து விலகிய பிறகே கரையேற வேண்டும். ஊரார் காட்டாத இடத்தில் எவரும் முழங்காலுக்கு மேல் இறங்கலாகாது. சொறிமீன் பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவ வேண்டும். திருக்கை முள் தைத்தால் பொறுக்கக்கூடிய வெந்நீரில் அமிழ்த்தியபடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கரையோரக் காவலின் 1093, கடலோரக் காவற்படையின் 1554, அவசர ஊர்தியின் 108 ஆகிய எண்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கைப்பேசி நனைந்தால் தாளே உதவும்.

பயணத்துக்குத் தொடர்வண்டி உகந்தது. பல்லாண்டுகள் நின்றிருந்த பாதை அகலப்படுத்தப்பட்டு, 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் வண்டி திரும்பி வந்திருக்கிறது. மதுரையில் மாறி இராமநாதபுரம் வண்டியில் ஏறினால், மானாமதுரை, பரமக்குடி வழியாகப் பெரும்பகுதித் தொலைவுக்கு வைகை அருகிலேயே வரும். மாசியில் அது வெறும் மணலாகவும் நாணலாகவும் சீமைக்கருவேலாகவும் இருக்கக்கூடும். சன்னலோரத்தில் அமர்ந்தோர், சுருளியாற்றில் எழுதிய பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படுகையைப் பார்த்தபடி செல்லலாம்.

திரும்பும்போது குழுவிடம் இரண்டு பதிவேடுகள் இருக்கும்: ஆற்றங்கரையின் நூறு மீட்டரில் கிடந்தவை ஒன்றிலும், கடற்கரையின் நூறு மீட்டரில் கிடந்தவை மற்றொன்றிலும். இரண்டிலும் ஒரே வகைப் பொருள்கள் எத்தனை என்பதை ஒரு மாலையில் கூடி அமர்ந்து ஒப்பிட்டு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும். மார்ச் 22, உலக நீர் நாள், தமிழகத்தில் கிராம சபை கூடும் நாள்களுள் ஒன்று. மாசியில் முகாம் முடித்த குழுவினர்க்கு அதற்குள் போதிய நாள்கள் இருக்கும். சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி போன்ற ஆற்றோர ஊராட்சிகளின் சபையில் அந்த ஒரு பக்கத்தைப் படித்து, அது நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.